தினமும் தனியாகச் செபிக்கப் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், சுதந்திர சபையினர் என்ற வேறுபாடின்றி, நாள்தோறும் தனியாகச் செபிக்க விரும்புவோர் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. சபைக்குச் சபை வேதாகம மொழிபெயர்ப்பும் செபிக்கும் முறையும் மாறினாலும், இதில் வரும் இடைஞ்சல்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறேன். இரவில் வீட்டில் குடும்ப செபமும் உண்டு. அதற்கு மேலும் தனியாக ஏன் செபிக்க வேண்டும்?

ஓய்வுநாளில் செபக்கூடத்துக்குப் போவது இயேசுவின் வழக்கம் என்று லூக்கா நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த அதிகாரமே அவர் தனித்த இடங்களுக்கு விலகிப்போய்ச் செபித்து வந்தார் என்கிறது. இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தன. மத்தேயு 6:6இல் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு தந்தையை நோக்கிச் செபிக்கச் சொன்னவரும் அவரே.

குடும்ப செபத்தில் வாய் திறந்து சொல்ல முடியாதவை எல்லோருக்கும் உண்டு. மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய கடன், சீதனக் காணி விடயத்தில் அண்ணன்மேல் உள்ள ஆத்திரம், கடவுள் உண்டா என்று இரவில் எழும் ஐயம் போன்றவற்றைப் பிள்ளைகள் சுற்றியிருக்கும்போது யாரும் பேசுவதில்லை. அவற்றைப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, சிறுவர்கள் பலர் உட்பட எத்தனையோ பேர் மாண்டனர். அதன் பின்னர் நாடெங்கும் கோயில்களில் பொது வழிபாடு நிறுத்தப்பட்டது; மறு ஆண்டு கொரோனாவால் மீண்டும் கதவுகள் மூடப்பட்டன. அந்த வாரங்களில் நமக்கு எஞ்சியிருந்தது வீட்டுக்குள் நாமே செய்யக்கூடிய செபம் மட்டுமே.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செபிக்க வேண்டும்?

தொடங்கும்போது ஐந்து நிமிடம், கூடினால் பத்து. எழுப்புதல் கூட்டமொன்றில் மனம் உருகி, நாளை முதல் ஒரு மணி நேரம் என்று பொருத்தனை செய்கிறவரின் செபம் பெரும்பாலும் அடுத்த புதன்கிழமையைத் தாண்டுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் மின்சாரம் இல்லை, வேலைக்கும் நேரமாகிவிட்டது என்று எல்லாம் ஒன்றாக வந்து சேரும் நாளில் உங்களால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியுமோ, அதையே எல்லா நாளுக்கும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாட்களில் அது தானாகவே நீளும். 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய புனித பெனடிக்ட்கூட, இறையருளின் தூண்டுதலால் நீண்டாலொழியச் செபம் சுருக்கமாக இருக்கட்டும் என்றே எழுதினார். துறவிகளுக்கே அவ்வளவுதான் என்றால், காலையில் இடியப்பம் அவித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்குக் கூடுதலாகக் கேட்பது நியாயமில்லை.

எந்த நேரம் நல்லது? அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தே ஆகவேண்டுமா?

கட்டாயம் இல்லை. மெதடிஸ்தரின் முன்னோடியான ஜோன் வெஸ்லி நான்கு மணிக்கு எழுகிறவர் என்பதை நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அவர் இரவில் நேரத்தோடு படுத்துவிடுகிறவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பதினொரு மணி வரை தொலைக்காட்சி ஓடும் வீட்டில் நான்கு மணிச் செபம் நிலைக்காது.

மணிக்கூட்டு நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு செபத்தை இணைத்துக்கொள்வது பலனளிக்கும். கேத்தில் கொதித்து முதல் தேத்தண்ணீர் ஊற்றிய கையோடு என்று ஒருவர் வைத்துக்கொள்ளலாம்; பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடசாலை வான் புறப்பட்டவுடன் என்று இன்னொருவர் வைத்துக்கொள்ளலாம். பின்னேரம் பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டு ஒழுங்கையில் கேட்டதும் என்று வைத்துக்கொண்டாலும் குறையில்லை. அந்தப் பாட்டு யாருக்கும் தவறாமல் கேட்கும். காத்தான்குடிப் பக்கம் குடியிருப்போருக்கு விடியற்காலைப் பாங்கொலியே விழிப்பு மணி. அயலவர் தொழுகைக்கு எழும் அதே நேரத்தில் நாமும் எழுந்து நம் முறையில் செபிப்பதில் தப்பொன்றும் இல்லை. வாவியில் இரவுத் தொழில் செய்து விடியத் திரும்புகிறவர், காலையில் செபிக்க முடியவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. தோணியைக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும் நேரம் அவருக்கு உரியது.

பழக்கம் பிடிபட எத்தனை நாள் செல்லும் என்றும் கேட்கிறார்கள். 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உணவு, நீர், உடற்பயிற்சி சார்ந்த சிறு பழக்கங்கள் யோசனையின்றித் தானாக நிகழும் நிலைக்கு வர, நடுமதிப்பாக 66 நாட்கள் பிடித்தன. ஆளைப் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அவர்கள் ஆராய்ந்தது செபத்தை அல்ல. இருந்தும், இரண்டு மாதமாகியும் செபிப்பது இன்னும் பாடாகவே இருக்கிறதே என்று சோர்கிறவருக்கு இந்த எண்கள் ஆறுதலாக இருக்கும்.

எங்கள் வீட்டில் தனி அறையே இல்லை. கதவை மூடு என்றால் எந்தக் கதவை மூடுவது?

நியாயமான கேள்வி. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் மூன்று தலைமுறை ஒன்றாக இருப்பதும், ஹோலில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பதும் இங்கே சாதாரணம். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பார்த்தால், இயேசுவும் அப்படியொரு வீட்டிலேயே தங்கியிருந்தார். கப்பர்நகூமில் சீமோனின் வீடு. உள்ளே காய்ச்சலில் கிடந்து எழும்பிய மாமியார், வாசலில் ஊர் முழுவதும். இருட்டோடு எழுந்து வெளியே போய் வனாந்தரமான ஓரிடத்தில் அவர் செபித்தார் என்று 35ஆம் வசனம் சொல்கிறது. பேதுருவோ மெத்தை வீட்டின் மேலே ஏறிச் செபித்தார்.

ஆகவே இடம் எதுவாகவும் இருக்கலாம். கிணற்றடி, விறாந்தைப் படி, வளவின் பின்புறத்து மாமரத்தடி, எல்லோரும் எழும்ப முன் குசினி, வெள்ளாமைக் காலத்தில் வட்டைக்குள் இருக்கும் வாடி, எதையும் தெரிவு செய்யலாம். கடற்கரைக்கு அண்மையில் இருப்பவர்கள் கல்லடிக் கரையிலோ பாண்டிருப்புக் கரையிலோ நடந்துகொண்டே செபிக்கலாம். ஓரிடத்தைத் தெரிந்தால் அதை மாற்றாதிருப்பது நல்லது. அங்கே போய் உட்கார்ந்ததும் பாதி வேலை முடிந்துவிடும். ஜோன் வெஸ்லியின் தாய் சுசன்னா, பிள்ளைகள் நிறைந்த வீட்டில் தன் மேலாடையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு செபிப்பார் என்றும், அந்நேரம் பிள்ளைகள் அவரிடம் போகமாட்டார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நம் பெண்களிடம் சேலைத் தலைப்பு இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை மதிக்க வீட்டாரைப் பழக்குவதுதான் கடினம். அதை முதல் வாரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள்.

முழங்காலில் நிற்க வேண்டுமா? சத்தமாகச் செபிக்க வேண்டுமா?

தானியேல் முழந்தாளிட்டார், ஆயக்காரன் தூரத்தில் நின்றான், தாவீது கடவுளின் முன்னிலையில் உட்கார்ந்து செபித்ததை 2 சாமுவேல் 7:18 சொல்கிறது. முழங்கால் வலி உள்ளவர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து செபித்தால் போதும். சத்தத்தைப் பொறுத்தவரை, அன்னாளின் உதடுகள் மாத்திரமே அசைந்தன, குரல் கேட்கவில்லை. அதனால் குரு ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தார். கேட்கப்பட்டதோ அவளுடைய செபம்.

கண்ணை மூடினால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

சொற்களைத் தேடி அலைய வேண்டாம். அவை முன்பே தரப்பட்டிருக்கின்றன. சீடர்களும், எங்களுக்குச் செபிக்கக் கற்றுத்தாரும் என்று கேட்டபோதுதான், சிறு வயதிலிருந்து நமக்கு மனப்பாடமாயிருக்கும் கர்த்தருடைய செபம் கிடைத்தது. அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்காமல், வரிக்கு வரி நின்று, அந்த வரிக்குள் உங்கள் நாளை வையுங்கள். 1535இல் மார்ட்டின் லூத்தர், எப்படிச் செபிப்பது என்று கேட்ட தன் சவரத் தொழிலாளியான பேதுருவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் கற்பித்த முறை ஏறக்குறைய இதுவே.

உன்னிச்சைப் பக்கத்தில் வயல் செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு வேண்டிய உணவை இன்று தாரும் என்ற இடத்தில் நின்று அவர் சொல்கிறார்: "ஆண்டவரே, ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. விதைத்த நெல் மண்ணில் கிடக்கிறது. பசளைக்கு வாங்கிய காசை அறுவடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இளையவனுக்குச் சப்பாத்து இல்லை." அடுத்து மன்னிப்பு வரிக்கு வருகிறார்: "எல்லைக் கட்டை வெட்டித் தன் பக்கம் சேர்த்த பக்கத்து வயல்காரரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க மனமும் வரவில்லை. அந்த மனத்தை நீர்தான் தர வேண்டும்." இவ்வளவுதான். இதில் அழகான வசனம் ஒன்றும் இல்லை, பொய்யும் இல்லை.

அதற்கடுத்துச் சங்கீதங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று அறிந்திருக்கும் அந்த 150 பாடல்களில் நன்றி, பயம், கோபம், பொறாமை, வெட்கம் என எல்லாமே இருக்கின்றன. நாளுக்கு ஒன்று வாசித்தால் ஐந்து மாதத்தில் முடியும். காலையும் மாலையும் பிரித்து 30 நாளில் முழுவதையும் செபிப்பது அங்கிலிக்க வழக்கம். தொடக்கக்காரருக்கு அது அதிகம் என்பது என் எண்ணம். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள் இருப்பதால் அதைப் பல நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பிறருக்காகச் செபிக்க ஒரு கொப்பி வைத்திருப்பது உதவும். பெயர்களை எழுதி, நாளுக்கு நான்கைந்து பேர் என்று எடுத்துக்கொண்டால், "எல்லோரையும் ஆசீர்வதியும்" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் எல்லோரையும் அடைக்க வேண்டிவராது.

மனப்பாடச் செபமும் செபமாலையும் வீண்வார்த்தை என்று சிலர் சொல்கிறார்களே?

மத்தேயு 6:7இல் இயேசு கண்டித்தது, வார்த்தை மிகுந்தால் கடவுள் கேட்பார் என்ற எண்ணத்தை. கெத்செமனேயில் அவரே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லிச் செபித்தார் என்று அதே நற்செய்தி 26:44இல் கூறுகிறது. 136ஆம் சங்கீதத்தில் அவருடைய கிருபை என்றுமுள்ளது என்பது 26 வசனங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. மனம் ஒட்டாமல் சொன்னால், அந்த நிமிடத்தில் தானாகக் கட்டிச் சொல்லும் செபமும் வீண்வார்த்தையே. இந்தத் தர்க்கத்தில் நேரத்தைச் செலவிடுவதைவிட, இரண்டு தரப்பாரும் தத்தம் முறையில் பத்து நிமிடம் செபிக்கலாம்.

செபிக்கத் தொடங்கியதும் மனம் அலைகிறது. சில வேளை தூங்கிவிடுகிறேன்.

பேதுரு மெத்தை வீட்டின் மேல் செபிக்கப் போன இடத்தில் அவருக்குப் பசித்தது என்று அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. கெத்செமனேயில் மூன்று சீடரும் தூங்கினார்கள். சவரக்காரர் கதை பேசிக்கொண்டு சவரம் செய்தால் வாடிக்கையாளரின் மூக்கையும் வாயையும் வெட்டிவிடுவார், அதுபோல் செபத்திலும் கவனம் வேண்டும் என்று லூத்தர் மேற்சொன்ன கடிதத்தில் எழுதினார். கவனத்தைக் கொண்டுவருவதற்கு எளிய வழி, மனம் எங்கே ஓடுகிறதோ அதையே செபத்தின் பொருளாக்குவது. நுண்கடன் தவணை நினைவுக்கு வந்தால் அதை விரட்டாமல் அதைப் பற்றியே கடவுளிடம் பேசுங்கள்; பேசி முடிந்ததும் விட்ட வரிக்குத் திரும்புங்கள். தூக்கத்துக்கு மருந்து, படுக்கையில் கிடந்து செபிக்காதிருத்தல். முகம் கழுவி, எழுந்து நின்று செபித்தால் பாதி தூக்கம் போகும். மீதி உடம்பின் அசதி, அதற்கு உறக்கமே தேவை.

வேதாகமம் கைபேசியில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் செபிக்கலாமா?

செபிக்கலாம், தரவை அணைத்துவிட்டு. திறந்த கையோடு வட்ஸ்அப் வந்துவிட்டால் பத்து நிமிடமும் அங்கேயே போய்விடும். இயன்றவர் ஓர் அச்சுப் பிரதியை அந்த இடத்திலேயே வைத்துக்கொள்வது மேல். காலை ஐந்து மணிக்குப் பூப் படத்தோடு "இன்றைய வசனத்தை" ஏழு குழுக்களுக்கு அனுப்புவதைத் தனிச்செபக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் அதிகம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனாலும் அந்தரங்கத்தில் செய்யச் சொன்ன காரியத்துக்கு அது நேர் எதிர்.

எத்தனையோ நாள் செபித்தும் கேட்டது கிடைக்கவில்லை. கடவுள் இருப்பதாகவே உணரவில்லை. தொடர்வதில் பொருள் உண்டா?

இக்கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளியை நினைவில் வைத்திருப்போரும், யுத்த காலத்தில் காணாமற்போன பிள்ளைக்காக இன்றும் விளக்கேற்றும் தாய்மாரும் இங்கே வாழ்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். நாவலடியிலும் கல்லடியிலும் கடல் ஊருக்குள் வந்தபோது அழிந்த வீடுகளில் செபித்த வீடுகளும் இருந்தன. விசுவாசம் குறைந்ததால்தான் கிடைக்கவில்லை என்று இவர்களிடம் சொல்வது கொடுமை. வேதாகமம் அப்படிச் சொல்லவும் இல்லை.

வேதாகமம் அவர்களுக்குத் தருவது முறையிடும் சொற்களை. 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் தேறுதல் ஏதும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருமறையிலிருந்து யாரும் நீக்கவில்லை. சிலுவையில் இயேசு சொன்ன, ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற சொற்களும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிகளே. எனவே கோபத்தோடும் செபிக்கலாம், ஒன்றும் உணராமலும் செபிக்கலாம். பேச முடியாத நாளில் அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருந்தாலே போதும். சொல்லமுடியாத பெருமூச்சுக்களோடு ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இப்படிப்பட்டவர்களுக்காகவே.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், செபத்தைக் கூட்டுவதோடு நிறுத்தாமல் வைத்தியரிடம் போங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

செபிக்காமல் விட்ட நாளில் ஏதாவது கெட்டது நடக்குமோ என்று பயமாக இருக்கிறது.

நடக்காது. அப்படி எண்ணுவது செபத்தைக் காவல் நூலாக்கிவிடும். தவறிய நாளை மறுநாள் இரட்டித்து ஈடுகட்டவும் வேண்டாம். வழமையான நேரத்தில் வழமையான அளவு செபியுங்கள். மேலே சொன்ன ஆய்விலும் ஒரு தடவை தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. தொடர்ந்து பல நாள் தவறினால், தெரிவு செய்த நேரம் பிழை என்று கொண்டு அதை மாற்றுங்கள்.

வீட்டில் நான் மட்டும் கிறிஸ்தவன். அம்மாவும் அப்பாவும் இந்துக்கள். என் செபம் அவர்களுக்கு மனவருத்தமாக இருக்கிறது.

நம் ஊரில் இது பல வீடுகளின் நிலை. தனிச்செபத்துக்குச் சத்தமோ, சாமி அறையில் இடமோ, வீட்டாரின் வழிபாட்டைக் குறைகூறும் பேச்சோ தேவையில்லை. அம்மா விளக்கு வைக்கும் நேரத்தில் நீங்கள் முற்றத்தில் அமைதியாகச் செபித்துவிட்டு, வந்து அவருக்குத் தேங்காய் துருவிக் கொடுங்கள். கதவை மூடிக்கொள் என்ற கட்டளை இத்தகைய வீடுகளில் இரட்டிப்பாகப் பொருந்துகிறது. பெற்றோரைக் கனம்பண்ணுவதும் பத்துக் கட்டளைகளில் ஒன்று.

ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்நிலையில் செபிக்கலாமா?

செபிக்கலாம், ஆனால் அந்தப் பெயர் செபத்தில் வர வேண்டும். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னதை மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் காணலாம். ஆண்கள் 1 பேதுரு 3:7ஐயும் வாசித்துக்கொள்ள வேண்டும்: மனைவியை மதியாமல் நடத்துகிறவனின் செபம் தடைப்படும் என்கிறது அது. இரவில் மனைவியைத் திட்டிவிட்டு விடியற்காலையில் கண்ணீரோடு செபிக்கிற குடும்பத் தலைவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அந்தரங்கச் செபம் என்றால், அதைப்பற்றி யாரோடும் பேசவே கூடாதா?

பிறர் மெச்சுவதற்காகப் பேசக் கூடாது. உதவி கேட்பது வேறு. 1742இல் பிரிஸ்டலில் மெதடிஸ்தரிடையே தோன்றிய வகுப்புக் கூட்டங்களில், ஏறக்குறைய பன்னிரண்டு பேர் வாரந்தோறும் கூடித் தங்கள் ஆன்ம நிலையை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பணி தொடங்கியபோது அவர் பின்னால் இருந்ததும் அந்த மரபே. நீங்கள் ஒரேயொரு நண்பரைத் தெரிந்து, "இந்தக் கிழமை எப்படி?" என்று ஞாயிறு பூசை அல்லது ஆராதனை முடிந்தபின் கேட்கச் சொன்னால் போதும். செபித்தேன் அல்லது செபிக்கவில்லை என்று பதில் சொல்லுங்கள். என்ன செபித்தீர்கள் என்பது உங்களோடு இருக்கட்டும்.

இரவிலும் செபிக்க விரும்புகிறேன். களைப்பிலும் செய்யக்கூடிய எளிய முறை உண்டா?

இங்கே நெடுங்காலம் பணியாற்றிய இயேசு சபைத் துறவிகளுக்கு அவர்களின் நிறுவுநர் இலொயோலா இஞ்ஞாசியார் விட்டுச்சென்ற ஆன்ம சோதனை அதற்கு ஏற்றது. ஐந்து படிகள்: நாளுக்காக நன்றி, தெளிவாகப் பார்க்க ஒளி வேண்டல், காலை முதல் நடந்ததை மெல்ல ஓட்டிப் பார்த்தல், பிழைத்த இடத்துக்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். பல நாட்களில் மூன்றாம் படியிலேயே கண் சொருகும். அப்படியே உறங்கிவிடுங்கள்.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகிறேன். அங்கே எப்படிச் செபிப்பது?

புத்தகம் கொண்டுபோக முடியாமலும் போகலாம், தனிமை கிடைக்காமலும் போகலாம் என்று எண்ணிப் புறப்படுமுன் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கர்த்தருடைய செபம், 23ஆம், 121ஆம் சங்கீதங்கள், நம்பிக்கை அறிக்கை. வேலையின்போது சொல்ல ஒற்றை வரி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்; "ஆண்டவரே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்பது போன்றது, உடுப்பை மடிக்கும்போதும் தளத்தைத் துடைக்கும்போதும் உதடசையாமல் சொல்லக்கூடியது. வீட்டில் உள்ள பிள்ளைகளோடு முன்கூட்டியே ஒரு நேரம் பேசி வைப்பது நல்லது. இலங்கை நேரம் குவைத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. பிள்ளைகள் இரவு எட்டு மணிக்குக் கர்த்தருடைய செபத்தைச் சொன்னால், உங்களுக்கு அப்போது மாலை ஐந்தரை.